தராசு ஏறினால் கொழுப்பு ஏறியதா?

எடையைக் குறைக்க முயல்பவர்களுக்கு வாரத்திலேயே மோசமான நேரம் திங்கட்கிழமை காலைதான். சனிக்கிழமை காலையில் தராசு 82.2 கிலோ காட்டியிருக்கும். அன்று இரவு ஒரு கல்யாண விருந்து. ஞாயிறு காலை குடும்பத்தோடு மாமாக் கடையில் பசியாறல், மாலையில் பசார் மாலாமில் கொஞ்சம் கொறிப்பு. திங்கள் காலை ஏறி நின்றால் 83.2. வாரம் முழுக்க ஜிம்முக்குப் போனது, சோற்றைப் பாதியாக்கியது, தே தாரிக்கைத் தவிர்த்தது எல்லாம் இரண்டே நாளில் போய்விட்டதே என்று மனம் விட்டுப்போகிறது.

இந்த இடத்தில் மூன்று விதமான ஆட்களைப் பார்க்கலாம். ஒருவர் ‘நமக்கு இது ஒத்துவராது’ என்று அன்றே நிறுத்திவிடுவார். இன்னொருவர் தண்டனைபோல் அன்று முழுவதும் பட்டினி கிடந்து, இரவு பத்து மணிக்குக் குளிர்சாதனப் பெட்டியைத் திறப்பார். மூன்றாமவர் இணையத்தில் ‘பத்தே நாளில் ஐந்து கிலோ’ கோப்பியைத் தேட ஆரம்பிப்பார். மூவருமே ஒரு எண்ணைத் தவறாகப் படித்தவர்கள்.

சரியாகப் படிக்க ஒரு சிறு கணக்குப் போடுவோம். உடலில் ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால், நம் அன்றாடத் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி உள்ளே போக வேண்டும். ஒரு சாதாரண ரொட்டி சானாயில் ஏறக்குறைய 300 கலோரி. அப்படியானால் சனி, ஞாயிறு இரண்டு நாளிலும் வழக்கமான சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, அதற்கு மேல் 25 ரொட்டி சானாய் சாப்பிட்டிருக்க வேண்டும். கல்யாண விருந்தில் நீங்கள் எவ்வளவுதான் வெளுத்துக் கட்டியிருந்தாலும் அந்த அளவுக்குப் போயிருக்க மாட்டீர்கள். ஆக, திங்கட்கிழமை கூடிய அந்த ஒரு கிலோவில் கொழுப்பு சிறு பங்கு மட்டுமே. மீதி தண்ணீரும், குடலில் இன்னும் இருக்கும் உணவும்தான்.

இதையே மறுபக்கமும் பாருங்கள். வாரத்துக்கு அரைக் கிலோ குறைவது நல்ல வேகம். மருத்துவர்கள் பொதுவாகப் பரிந்துரைப்பதும் வாரத்துக்கு அரை முதல் ஒரு கிலோ வரைதான். அரைக் கிலோவை ஏழால் வகுத்தால் ஒரு நாளைக்குச் சுமார் 70 கிராம். பல வீட்டுத் தராசுகள் 100 கிராமுக்குக் குறைவான மாற்றத்தைக் காட்டுவதே இல்லை. ஆனால் ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர் குடித்தால் 300 கிராம் உடனே கூடும். கழிவறைக்குப் போய்வந்தால் அதே அளவு குறையும். ஆரோக்கியமான ஒருவரின் எடை ஒரே நாளுக்குள் ஒன்று, இரண்டு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். நீங்கள் தேடுவது 70 கிராம். தராசு ஆடுவதோ ஆயிரம், இரண்டாயிரம் கிராம். சந்தை இரைச்சலில் கிசுகிசுப்பைக் கேட்க முயல்வது போன்றது இது.

உப்பும் சோறும் செய்யும் வேலை

இந்த ஆட்டத்துக்கு முதல் காரணம் உப்பு. உடல் தன் இரத்தத்தில் உள்ள உப்பின் செறிவை ஏறக்குறைய ஒரே அளவில் வைத்துக்கொள்ளும். உப்பு அதிகம் உள்ளே போனால் தாகம் எடுக்கும். குடித்த நீரைச் சிறுநீரகங்கள் வெளியே விடாமல் பிடித்துவைக்கும். மருத்துவமனையில் ஏற்றுகிறார்களே, அந்த சலைன் நீரில் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு இருக்கிறது. உடலும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில்தான் வேலை செய்கிறது. வழக்கத்தைவிட 9 கிராம் உப்பு அதிகமாகப் போய்த் தங்கினால், ஒரு லிட்டர் நீர், அதாவது ஒரு கிலோ, கூடவே தங்கும்.

நம் சாப்பாட்டில் 9 கிராம் உப்பு கூடுவது பெரிய காரியமே இல்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மலேசியப் பெரியவர்கள் சராசரியாக எடுத்துக்கொள்வது 8 கிராமுக்கு அருகில். இது சாதாரண நாள்களின் கணக்கு. கருவாட்டுச் சம்பல், ஊறுகாய், அப்பளம், மேகி கோரேங், சோயா சாஸில் ஊறிய கோழி என்று வார இறுதி போனால் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தீபாவளி வாரத்தில் முறுக்கும் மிக்சரும் டப்பா டப்பாவாக வீட்டில் இருக்கும்போது விரலில் மோதிரம் இறுகுவதும், காலையில் முகம் லேசாக உப்பியிருப்பதும் இதனால்தான். வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால், நல்ல நிலையிலுள்ள சிறுநீரகங்கள் இரண்டு மூன்று நாளில் அந்த நீரை வெளியேற்றிவிடும். அதனால்தான் திங்கள் 83.2 காட்டிய தராசு, நீங்கள் விசேஷமாக எதுவும் செய்யாமலே புதன்கிழமை 82.2 காட்டக்கூடும்.

அடுத்தது சோறு, ரொட்டி, மீ போன்ற மாவுச்சத்து. இதில் ஒரு பகுதியை உடல் கிளைகோஜன் என்ற வடிவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேமித்துவைக்கிறது. மொத்தத்தில் ஒரு பெரியவரின் உடலில் சுமார் அரைக் கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிடித்துக்கொள்ளும். அரைக் கிலோ கிளைகோஜன், ஒன்றரைக் கிலோ நீர், ஆக மொத்தம் இரண்டு கிலோ.

சோற்றை அறவே நிறுத்தும் உணவுமுறைகளில் முதல் வாரமே இரண்டு கிலோ குறையும் ரகசியம் இந்த இரண்டு கிலோதான். நண்பர் ‘ஒரே வாரத்தில் பெல்ட் ஒரு ஓட்டை உள்ளே போய்விட்டது’ என்று சொல்வது பொய் இல்லை. ஆனால் போனதில் பெரும்பகுதி நீர். மூன்றாவது வாரம் வேகம் குறைந்ததும் உணவுமுறை ‘வேலை செய்யவில்லை’ என்று அவர் நினைப்பார். உண்மையில் நீர் போய் முடிந்து, அப்போதுதான் கொழுப்பின் கணக்கு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்திருக்கும். தைப்பூச விரதத்திலும் இதைப் பார்க்கலாம். ஒருவேளை மட்டும் சைவ உணவு எடுத்து விரதம் இருப்பவர்களுக்கு எடை நன்றாக இறங்கும். விரதம் முடிந்து வழக்கமாகச் சாப்பிட ஆரம்பித்த சில நாளில் ஒன்று, இரண்டு கிலோ திரும்பி வரும். திரும்பியதில் பெரும்பகுதி கிளைகோஜனும் நீரும்தான். விரதத்தில் கரைந்த கொழுப்பு அந்தச் சில நாளில் திரும்பிவிடுவதில்லை.

உடற்பயிற்சி ஆரம்பித்ததும் எடை கூடுகிறதே!

இந்தக் கேள்வி பெண்களிடமிருந்தே அதிகம் வருகிறது. ஒருவேளை ஆண்கள் கேட்கக் கூச்சப்பட்டு ஜிம்மையே மாற்றிவிடுகிறார்களோ என்னவோ. பல மாதம் சும்மா இருந்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு பத்துமலையின் 272 படிகளையும் மூன்று முறை ஏறி இறங்குகிறீர்கள் என்று வையுங்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை கழன்றுவிடும்போல் வலிக்கும். பழக்கமில்லாத வேலையால், அதிலும் குறிப்பாகப் படி இறங்கும்போது, தசை நார்களில் நுண்ணிய சேதம் ஏற்படுகிறது. அதைச் சரிசெய்ய உடல் அந்த இடத்துக்கு நீரை அனுப்புகிறது. கணுக்கால் சுளுக்கினால் வீங்குவதுபோல, கண்ணுக்குத் தெரியாத சிறு வீக்கம். வலி இருக்கும் அந்த இரண்டு மூன்று நாளில் தராசு ஏறித்தான் நிற்கும்.

தொடர்ந்து பயிற்சி செய்தால் வேறு இரண்டு மாற்றங்களும் நடக்கின்றன. தசைகள் முன்பைவிட அதிகமாகக் கிளைகோஜனைச் சேமிக்கப் பழகும். அதோடு நீரும் சேரும். இரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதியின் அளவும் கூடும். இதயம் சுலபமாக வேலை செய்ய உடல் செய்துகொள்ளும் நல்ல ஏற்பாடு அது. ஆகவே உணவை ஒழுங்குபடுத்தி, கூடவே பயிற்சியையும் தொடங்கிய ஒருவருக்கு முதல் மூன்று நான்கு வாரம் எடை அசையாமல் நிற்பது, ஏன், ஒரு கிலோ கூடுவதுகூட நடக்கும். உள்ளே கொழுப்பு கரைந்துகொண்டிருக்கும். வந்து சேர்ந்த நீர் அதை மறைத்துக்கொண்டிருக்கும்.

இந்த நேரத்தில் சில பயிற்சியாளர்கள் ஆறுதலாக ஒன்று சொல்வார்கள்: ‘கவலைப்படாதீர்கள், உங்கள் கொழுப்பு தசையாக மாறிவிட்டது.’ நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் தவறு. கொழுப்பு தசையாக மாறாது. இரண்டும் வெவ்வேறு திசுக்கள். ஒரு வாரத்தில் ஒரு கிலோ தசை வளர்வதும் நடக்காத காரியம். தசை மெதுவாகத்தான் வளரும், மாதக் கணக்கில். ஆனால் ஒரே எடையுள்ள கொழுப்பைவிடத் தசை குறைவான இடத்தை அடைக்கும் என்பது உண்மை. அதனால் எடை நகராத மாதத்தில் இடுப்பளவு குறைந்திருக்கலாம். தையல்காரரிடம் இருக்கும் அளவு நாடா ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆசியர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர். இதற்கு மேல் போனால் நீரிழிவு, இதயநோய் அபாயம் கூடுகிறது. தராசைவிட இந்த எண் நமக்கு முக்கியம். 2023ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். இந்தியர்களான நமக்குக் கொழுப்பு வயிற்றில்தான் முதலில் வந்து குடியேறுகிறது.

வியர்வையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வெக்கையில் ஒரு மணி நேரம் பூப்பந்து ஆடினால் ஒரு லிட்டர் வரை வியர்வை போகலாம். வீட்டுக்கு வந்து ஏறினால் ஒரு கிலோ குறைவு. இரண்டு கிளாஸ் தண்ணீரும் ஒரு இளநீரும் குடித்தால் பெரும்பாலும் திரும்பிவிடும், திரும்ப வேண்டியதும்கூட. அதைத் தடுக்கவென்று பிளாஸ்டிக் சட்டை மாட்டிக்கொண்டு ஓடுவதும், தண்ணீர் குடிக்காமல் இருப்பதும் மயக்கத்தில்தான் முடியும். கரைந்த கொழுப்பு உடலைவிட்டு எப்படிப் போகிறது என்பதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கணக்கிட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு முழுவதுமாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சு வழியே போகிறது, மீதி 1.6 கிலோதான் நீராகிறது. சட்டை எவ்வளவு நனைந்தது என்பது கொழுப்பின் அளவுகோல் ஆகாது.

கணவனும் மனைவியும் ஒரே நாளில் தொடங்கினால்

திருமணமான இளம் ஜோடிகள் சேர்ந்து எடை குறைக்க இறங்குவது நல்ல விஷயம். சிக்கல் இரண்டாவது வாரத்தில் வரும். கணவருக்கு மூன்று கிலோ இறங்கியிருக்கும். அதே சமையலைச் சாப்பிட்டு, அதே நடைப்பயிற்சிக்குப் போன மனைவிக்கு அரைக் கிலோ. ‘நீ ஒளித்துவைத்துச் சாப்பிடுகிறாயா?’ என்று கணவர் விளையாட்டாகக் கேட்பார். மாமியார் வேறு, ‘என்னம்மா, தினமும் ஓடுறே, அப்படியே தான் இருக்கே’ என்பார். விளையாட்டாகச் சொன்னது அவ்வளவு விளையாட்டாகப் போய்ச் சேராது.

பெரிய உடலும் அதிகத் தசையும் உள்ளவருக்கு அன்றாட எரிசக்தித் தேவையும் அதிகம். கிளைகோஜன் சேமிப்பும் அதனோடு சேர்ந்த நீரும் அதிகம். அதனால் ஆரம்பத்தில் வேகமாக இறங்கும். பெண்களுக்கோ மாதச் சுழற்சி என்ற இன்னொரு அலை இருக்கிறது. மாதவிலக்குக்கு முந்தைய நாள்களிலும் அது தொடங்கும் நேரத்திலும் உடல் நீரைப் பிடித்துவைக்கும். பலருக்கு அரை முதல் இரண்டு கிலோ வரை கூடும். மார்பில் கனம், வயிற்றில் உப்பல், மலச்சிக்கல் எல்லாம் சேர்ந்துகொள்ளும். சில நாளில் தானாகவே இறங்கும். ஒரு பெண் தன் எடையைச் சென்ற வாரத்தோடு ஒப்பிட்டால் குழப்பம்தான் மிஞ்சும். சென்ற மாதம் இதே கட்டத்தில் இருந்த எடையோடு ஒப்பிட வேண்டும். மாதவிலக்கு முடிந்த மூன்றாம் நாள் என்று ஒரு நாளைக் குறித்துக்கொண்டு மாதாமாதம் அதையே பார்த்தால் உண்மை நிலவரம் தெரியும்.

எப்படிப் பார்ப்பது?

காலையில் எழுந்து, கழிவறைக்குப் போய்வந்து, எதையும் சாப்பிடாமல் குடிக்காமல், ஒரே மாதிரி உடையில், ஒரே இடத்தில் வைத்த தராசில் ஏறுங்கள். தரை கெட்டியாக இருக்கட்டும். கம்பளத்தின் மேல் வைத்தால் எண் மாறும். வீட்டிலும் ஜிம்மிலும் கிளினிக்கிலும் மாறி மாறிப் பார்த்து ஒப்பிடாதீர்கள். கொழுப்பு விழுக்காட்டையும் சேர்த்துக் காட்டும் நவீனத் தராசுகள் உடலுக்குள் மெல்லிய மின்சாரம் செலுத்தி ஊகிப்பவை. உடலில் நீர் மாறினால் அந்த ஊகமும் மாறும். அதில் இன்று 31, நாளை 33 என்று வந்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

தினமும் பார்ப்பவர்கள் அன்றன்றைய எண்ணை நாட்காட்டியில் எழுதிவைத்து, வாரக் கடைசியில் ஏழையும் கூட்டி ஏழால் வகுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் சொன்ன அந்த 82.2, 83.2 ஆளின் நாட்காட்டியை எடுத்துக்கொள்வோம். முதல் வாரம் திங்கள் தொடங்கி 83.4, 82.9, 82.6, 82.7, 82.3, 82.2, 82.8. சராசரி 82.7. இரண்டாம் வாரம் 83.2, 82.6, 82.2, 82.4, 81.7, 81.6, 82.4. சராசரி 82.3. இரண்டாம் வாரம் திங்கட்கிழமை அழாத குறையாக நின்றவர், உண்மையில் 400 கிராம் குறைந்திருக்கிறார். இரண்டு வாரத்திலும் ஒரே மேடு பள்ளம்தான். ஆனால் மொத்தக் கோடே கொஞ்சம் கீழே இறங்கியிருக்கிறது.

தினமும் எண்ணைப் பார்ப்பதே மனத்தைக் கெடுக்கிறது என்றால் வாரத்தில் ஒருமுறை போதும். அது வெள்ளிக்கிழமையாக இருக்கட்டும். உணவு தொடர்பான மனநலச் சிக்கல் முன்பு இருந்தவர்கள் தராசை ஒதுக்கிவிட்டு மருத்துவர் சொல்லும் வழியில் போவதே நல்லது. பதின்ம வயதுப் பிள்ளைகளைத் தினமும் தராசில் ஏற்றி, எண்ணைச் சாப்பாட்டு மேசையில் வாசிக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

எல்லாவற்றையும் நீரின் தலையில் போட்டுத் தப்பிக்கவும் முடியாது. நான்கு வாரச் சராசரியும் நகரவில்லை, இடுப்பளவும் அப்படியே இருக்கிறது என்றால் சாப்பாட்டுக் கணக்கில்தான் எங்கோ ஓட்டை. பெரும்பாலும் அது கெட்டிப்பால் ஊற்றிய பானங்கள், தாளிக்கும் எண்ணெய், சனி ஞாயிறு ஆகிய மூன்றில் ஒன்றாக இருக்கும். எடை குறையக் குறைய உடலின் தேவையும் குறையும் என்பதால், 90 கிலோவில் பலன் தந்த அளவு 80 கிலோவில் பலன் தராமல் போகலாம்.

நீரைக் கொழுப்பு என்று விற்பவர்கள்

‘ஸ்லிம்மிங்’ தேநீர், கோப்பி என்று விற்கும் பலவற்றில் பேதி மூலிகை இருக்கும். நான்கு முறை கழிவறைக்கு ஓடினால் தராசு இறங்கத்தான் செய்யும். போனது நீரும் மலமும். இவற்றிலாவது வயிற்றோடு போகிறது. சிலவற்றில் சிபுட்ரமின் என்ற மருந்தை லேபிளில் சொல்லாமலே கலந்திருக்கிறார்கள். மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் அபாயத்தைக் கூட்டுவதால் 2010இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட மருந்து அது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அதிகாரிகள் இது கலந்த பொருள்களைத் திரும்பத் திரும்பப் பிடித்து எச்சரிக்கை விடுத்துவருகிறார்கள். பசியே இல்லை, படபடப்பு, தூக்கம் வரவில்லை, வாய் உலர்கிறது என்றால் அந்தப் பொட்டலத்தை நிறுத்திவிட்டு, கையோடு எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள்.

எடை மாற்றத்தைச் சாதாரணம் என்று விட்டுவிடக் கூடாத ஆள்களும் உண்டு. இதயச் செயலிழப்பு அல்லது சிறுநீரக நோய் உள்ளவருக்கு இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால், அதோடு கால் வீக்கமோ படுத்தால் மூச்சுத்திணறலோ இருந்தால், அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிக்குத் திடீரென எடை கூடி, முகமும் கையும் வீங்கி, தலைவலியும் சேர்ந்தால் இரத்த அழுத்தத்தை உடனே பார்க்க வேண்டும். முயற்சியே செய்யாமல் ஆறு மாதத்தில் எடையில் 5 விழுக்காடு, அதாவது 70 கிலோ உள்ளவருக்கு மூன்றரைக் கிலோ குறைந்தால், ‘மெலிந்துவிட்டாயே, நன்றாயிருக்கிறது’ என்று பாராட்டிவிட்டு நகராதீர்கள். நீரிழிவு, தைராய்டு, காசநோய் என்று பல காரணங்கள் இருக்கலாம். ஒரு இரத்தப் பரிசோதனையில் தொடங்கலாம்.

அடுத்த வாரம்: அலுவலகத்துக்கு மதியச் சாப்பாடு கட்டும்போது சோற்றைக் குறைத்தால் மாலை நான்கு மணிக்கு வரும் பசியை எப்படிச் சமாளிப்பது?